ஒட்டுக்கேட்பவரை எதிராட்டக்காரராகக் கொண்டு பிணையப் பாதைகளைத் தேர்வது எப்படி?

கூகுள், யாகூ ஆகிய நிறுவனங்களின் தரவு மையங்களை ஒன்றோடொன்று இணைத்த ஃபைபர் தடங்களிலிருந்து அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் தகவல்களை எடுத்துவந்தன என்பது, எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள் மூலம் 2013 அக்டோபரில் தெரியவந்தது. பயனர் வந்து சேரும் வாசலில் மறையாக்கம், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றும் முறை, இருந்தது. நிறுவனத்தின் சொந்தத் தடம் என்று நம்பப்பட்ட உட்பகுதியில்தான் அது முழுமையாக இருக்கவில்லை. ஒட்டுக்கேட்பவர் நம் காவல் எங்கே தளர்ந்திருக்கிறது என்று பார்த்தே தன் இடத்தைத் தேர்கிறார். அவர் எங்கே இருப்பார் என்று ஊகித்தே நாமும் காவலை அமைக்கிறோம். ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் இத்தகைய நிலைமைகளை ஆராயும் கணிதப் பிரிவே ஆட்டக் கோட்பாடு. பல தடங்களைக் கொண்ட ஒரு கணினிப் பிணையத்தை (நெட்வொர்க்கை) நிர்வகிப்பவர், எந்தச் செய்தியை எந்தத் தடத்தில் அனுப்புவது என்பதை அக்கோட்பாட்டைக் கொண்டு எப்படி முடிவு செய்யலாம் என்பதை இங்கே காண்போம்.

இது மறையாக்கத்துக்கு மாற்று அன்று. டி.எல்.எஸ். 1.3 போன்ற மறையாக்க நெறிமுறை எல்லாத் தடங்களிலும் இயங்குகிறது என்று உறுதிசெய்த பிறகே கீழே வரும் கணக்குகளில் இறங்க வேண்டும். மறையாக்கம் இருக்கும்போது பாதையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். யார் யாரோடு, எப்போது, எவ்வளவு பேசினார்கள் என்பதை மறையாக்கம் பெரும்பாலும் மறைப்பதில்லை. மேலும், இன்று படிக்க முடியாததைச் சேமித்துவைத்து, குவாண்டம் கணினி வந்த பிறகு படித்துக்கொள்ளலாம் என்று ஒருவர் காத்திருக்கலாம். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் மறையியல் தரங்கள் மூன்றை வெளியிட்டதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். கையில் சிக்காத செய்தியைச் சேமித்துவைக்க முடியாது.

எதிராளியை எழுதிக்கொள்ளுதல்

முதல் வேலை கணக்கன்று. ஒட்டுக்கேட்பவர் ஒரே நேரத்தில் எதைச் செய்ய முடியாது என்பதைத் தாளில் எழுதுவது. அவர் ஒரு இணைப்பில் மட்டும் கருவி வைக்க முடியுமா, இரண்டிலா? வைத்த கருவியை ஒரே இரவில் இடம் மாற்ற முடியுமா? 1970-களில் ஓகோட்ஸ்க் கடலடியில் சோவியத் கேபிளின்மேல் அமெரிக்கக் கடற்படை பதிவுக் கருவியைப் பொருத்தியபோது, பதிவான நாடாக்களை எடுக்க நீர்மூழ்கியும் முக்குளிப்பவர்களும் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருந்தது. அத்தகைய எதிராளி இடத்தை எளிதில் மாற்றுவதில்லை. அலுவலகக் கட்டடத்துக்கு எதிரே ஆன்டெனாவோடு நிற்பவர் வேறு வகை. எல்லாவற்றையும் எப்போதும் கேட்கக்கூடிய எதிராளிக்கு எதிராகப் பாதைத் தேர்வு எந்த உதவியும் செய்யாது என்பதால், அவருக்கு ஏதோவொரு வரம்பு இருந்தாக வேண்டும். அந்த வரம்பைத் தவறாக எழுதினால், பின்னால் வரும் கணக்கு எத்தனை துல்லியமாக இருந்தாலும் பயனில்லை. இந்த முறையில் ஆகும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன என்பது என் கருத்து.

அடுத்து, ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண்ணைக் குறிக்க வேண்டும்: எதிராளி அங்கே கருவி வைத்து, நம் செய்தியும் அவ்வழியே போனால், அது அவர் கையில் சிக்குவதற்கான நிகழ்தகவு. இதைச் சிக்கல் எண் என்று அழைப்போம். ஃபைபரை வளைத்து ஒளியைக் கசியவைக்கலாம் என்றாலும், தடத்தை நேரில் தொட வேண்டும், ஒளியிழப்பை அளக்கும் கருவி அதைக் காட்டிக்கொடுக்கவும் கூடும். எனவே அதன் எண் சிறியது. மைக்ரோவேவ் கற்றை பெறுநரின் ஆன்டெனாவைத் தாண்டியும் சிதறுவதால் அதன் எண் பெரியது. சரியான மதிப்பு யாருக்கும் தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. எல்லா எண்களையும் ஒரே மடங்கால் பெருக்கினாலும் கிடைக்கும் பாதைப் பங்கீடு மாறாது. ஆகவே இணைப்புகளுக்கு இடையிலான விகிதம் ஏறக்குறையச் சரியாக இருந்தால் போதும்.

இரண்டு இணைப்புகளைக் கொண்டு கையால் தீர்த்தல்

தலைமை அலுவலகத்துக்கும் கிளைக்கும் இடையே ஒரு ஃபைபர், ஒரு மைக்ரோவேவ் என இரண்டு தடங்கள் உள்ளன என்று கொள்வோம். ஃபைபரின் சிக்கல் எண் 0.3, மைக்ரோவேவின் எண் 0.6, எதிராளி ஒன்றில் மட்டுமே கேட்க முடியும். பலரும் யோசிக்காமல் செய்வது, பாதுகாப்பான ஃபைபரிலேயே எல்லாவற்றையும் அனுப்புவது. எதிராளியும் அங்கேயே அமர்வார், நம் இழப்பு, அதாவது செய்தி சிக்கும் நிகழ்தகவு, 0.3. சரிபாதியாகப் பிரித்தால், அவர் மைக்ரோவேவுக்கு மாறி 0.5 × 0.6 = 0.3 பெறுவார். பிரித்ததால் எந்தப் பயனும் விளையவில்லை.

ஒற்றையா இரட்டையா விளையாட்டில் புளியங்கொட்டைகளைக் கைக்குள் மூடிவைத்திருக்கும் பிள்ளை, எதிரே இருப்பவர் எதைச் சொன்னாலும் தனக்கு ஒன்றுதான் என்ற நிலையில் இருந்தால்தான் ஏமாறாது. இங்கும் அதே நிலையைத் தேட வேண்டும்: எதிராளி ஃபைபரில் அமர்ந்தாலும் மைக்ரோவேவில் அமர்ந்தாலும் அவருக்குக் கிடைப்பது சமமாக இருக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு தடத்தின் பங்கும் அதன் சிக்கல் எண்ணின் தலைகீழுக்கு நேர்விகிதத்தில் அமைய வேண்டும். 1/0.3 என்பது 3.33, 1/0.6 என்பது 1.67, கூட்டினால் 5. எனவே ஃபைபருக்கு மூன்றில் இரண்டு பங்கு, மைக்ரோவேவுக்கு மூன்றில் ஒரு பங்கு. ஃபைபரில் கேட்பவருக்கு 2/3 × 0.3 = 0.2, மைக்ரோவேவில் கேட்பவருக்கு 1/3 × 0.6 = 0.2. இழப்பு 0.3-இலிருந்து 0.2-க்கு இறங்கிவிட்டது; அந்த 0.2 என்பது தலைகீழ்களின் கூட்டுத்தொகையான 5-இன் தலைகீழே. இதுவே ஆட்டத்தின் மதிப்பு. இருவரில் ஒருவரின் ஆதாயம் மற்றவரின் இழப்பாகவே இருக்கும் ஆட்டங்களில் இத்தகைய சமநிலை எப்போதும் உண்டு என்பதை ஜான் வான் நியூமன் 1928-இல் நிறுவினார்.

எதிராளியின் பக்கத்தையும் தீர்த்துப் பார்ப்பது நல்லது. அவருக்கான சிறந்த உத்தியும் ஃபைபரில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் அமர்வதுதான். கேட்பதற்குக் கடினமான தடத்தில்தான் அவர் அதிகம் இருப்பார், ஏனெனில் செய்திகள் அதிகம் போவது அங்கே. கசிவைத் தேடும் குழு எளிதில் சிக்கும் மைக்ரோவேவ் கோபுரத்தை மட்டுமே சோதித்துக்கொண்டிருந்தால், பெரும்பாலும் தவறான இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவதாக ஒரு சாட்டிலைட் தடத்தைச் சேர்த்து, அதன் சிக்கல் எண் 1, அதாவது கேட்டால் நிச்சயம் சிக்கும், என்று வைப்போம். தலைகீழ்களின் கூட்டு 6 ஆகிறது. ஆட்டத்தின் மதிப்பு 1/6, ஏறக்குறைய 0.167. முழுக்க ஓட்டையான ஒரு தடத்தைச் சேர்த்தும் பிணையத்தின் பாதுகாப்பு கூடுகிறது, ஏனெனில் அங்கே அமரும் எதிராளி மற்ற இரண்டையும் விட்டுவிட வேண்டும். இந்த முடிவைப் பார்த்து மகிழ்வதற்கு முன் முதல் தாளுக்குத் திரும்ப வேண்டும். சாட்டிலைட் கீழிறங்கு அலையைக் கேட்க ஒரு டிஷ் போதும். ஃபைபரில் கருவி வைத்திருப்பவர் கூடவே அதையும் கேட்டுக்கொண்டிருப்பார் என்றால், ‘ஒன்றில் மட்டுமே’ என்ற வரம்பு அத்தடத்துக்குப் பொருந்தாது. அப்போது சாட்டிலைட்டை ஆட்டத்திலிருந்தே நீக்க வேண்டும். கணக்கு இதைத் தானாகச் சொல்லாது.

வலைப்பின்னலான பிணையம்

இடையில் பல கணுக்கள் (இணைப்புகள் சந்திக்கும் இடங்கள்) இருக்கும் பிணையத்தில் பாதைகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகும். எல்லாப் பாதைகளையும் வரிசையாகவும் எல்லா இணைப்புகளையும் நிரலாகவும் எழுதி அணியைத் தீர்ப்பது இயலாது. நல்வாய்ப்பாக அது தேவையுமில்லை. ஒவ்வோர் இணைப்புக்கும் அதன் சிக்கல் எண்ணின் தலைகீழைக் கொள்ளளவாகக் கொடுத்து, அனுப்புநரிடமிருந்து பெறுநருக்குச் எந்த இணைப்பின் கொள்ளளவும் மீறப்படாமல் செல்லக்கூடிய பெரும ஓட்டத்தைக் கண்டால், அதன் தலைகீழே ஆட்டத்தின் மதிப்பு. ஓட்டத்தைப் பாதைகளாகப் பிரித்தால் கிடைப்பவை நம் பங்குகள்; பெரும ஓட்டத்துக்குச் சமமான சிறும வெட்டு (நீக்கினால் அனுப்புநரையும் பெறுநரையும் பிரித்துவிடும் இணைப்புத் தொகுதிகளில் மொத்தக் கொள்ளளவு மிகக் குறைந்தது), எதிராளி அமரக்கூடிய இணைப்புகளைக் காட்டும். பெரும ஓட்டமும் சிறும வெட்டும் சமம் என்ற ஃபோர்டு, ஃபுல்கர்சன் ஆகியோரின் 1956-ஆம் ஆண்டுத் தேற்றம் இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. பைத்தான் மொழியின் நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தில் பெரும ஓட்டத்துக்கான செயற்கூறு ஏற்கெனவே உள்ளது.

அ என்ற கணுவிலிருந்து ஈ என்ற கணுவுக்கு, இடையில் ஆ, இ என்ற இரண்டு கணுக்கள் வழியாகச் செய்தி போகிறது என்க. அ–ஆ, இ–ஈ ஆகியவற்றின் சிக்கல் எண் 0.5, அ–இ, ஆ–ஈ ஆகியவற்றின் எண் 0.25. கொள்ளளவுகள் முறையே 2, 2, 4, 4. இரண்டு பாதைகளிலும் தலா 2 அலகுகளே ஓட முடியும் என்பதால் பெரும ஓட்டம் 4, ஆட்டத்தின் மதிப்பு 1/4. இப்போது இ-யிலிருந்து ஆ-வுக்கு 0.5 சிக்கல் எண்ணோடு ஒரு குறுக்கு இணைப்பைப் போடுங்கள். அ–ஆ–ஈ, அ–இ–ஈ, அ–இ–ஆ–ஈ என்ற மூன்று பாதைகளிலும் தலா 2 அலகுகள் ஓடி, மொத்தம் 6 ஆகிறது. மதிப்பு 1/6-க்கு இறங்குகிறது. ஒவ்வொரு பாதைக்கும் மூன்றில் ஒரு பங்கு. எந்த இணைப்பில் அமர்ந்தாலும் எதிராளிக்கு 1/6 மட்டுமே கிடைக்கிறது என்பதை ஐந்து பெருக்கல்களில் சரிபார்த்துவிடலாம். இடையில் அதிகக் கணுக்களைக் கொண்ட நீளமான பாதை ஆபத்தானது என்ற பொது எண்ணம் இங்கே தவறிப்போகிறது.

பணத்தை எங்கே செலவிடுவது என்பதற்கும் இதே படம் விடை தரும். ஓர் இணைப்பைப் பலப்படுத்துவதால் ஆட்டத்தின் மதிப்பு குறைய வேண்டுமானால், அந்த இணைப்பு எல்லாச் சிறும வெட்டுகளிலும் இருக்க வேண்டும். மேற்கண்ட பிணையத்தில் 6 என்ற அளவுள்ள வெட்டுகள் மூன்று: அ-வை ஒட்டியது ஒன்று, ஈ-யை ஒட்டியது ஒன்று, அ–ஆ, இ–ஆ, இ–ஈ ஆகிய மூன்றும் சேர்ந்த நடுவெட்டு ஒன்று. இம்மூன்றுக்கும் பொதுவான இணைப்பு இல்லை. எனவே எந்த ஒரு இணைப்பை மட்டும் எவ்வளவு பலப்படுத்தினாலும் நிலைமை மாறாது. அ–ஆ, இ–ஈ ஆகிய இரண்டின் எண்ணையும் சேர்த்துப் பாதியாக்கினால் பெரும ஓட்டம் 8 ஆகிறது, மதிப்பு 1/8. ஒரு தடத்துக்கு மட்டும் விலையுயர்ந்த கருவி வாங்க வேண்டும் என்று முன்மொழிவு வரும்போது இந்த ஒரு சோதனையைச் செய்து பார்ப்பது பெரும் வீண்செலவைத் தவிர்க்கும்.

குலுக்கலை எப்போது செய்வது

பங்குகள் கிடைத்த பின், ஒவ்வொரு செய்திக்கும் பாதையைக் குலுக்கித் தேர்வதா, ஒவ்வோர் அமர்வுக்கும், அதாவது தொடர்ச்சியான ஓர் உரையாடலுக்கும், ஒரு முறையா என்ற கேள்வி எழும். இது செய்தியின் தன்மையைப் பொறுத்தது. ஒவ்வொரு செய்தியும் தனித்தனி மதிப்புடையது என்றால், செய்திதோறும் குலுக்கலாம். மொத்தத்தில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கோ ஆறில் ஒரு பங்கோ சிக்கும். பத்துச் செய்திகளில் ஏதாவது ஒன்று சிக்கினாலே எல்லாம் போய்விடும் என்ற நிலையில், 0.2 என்ற மதிப்போடு பத்து முறை தனித்தனியாகக் குலுக்கினால், ஒன்றாவது சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 0.89. அப்போது ஒரே முறை குலுக்கி, முழு அமர்வையும் அந்தப் பாதையிலேயே நடத்துவது மேல். அடையாளத்தை மறைக்கப் பல கணுக்கள் வழியே தகவலை அனுப்பும் டோர் பிணையத்தில் பயனரின் மென்பொருள் முதல் கணுவை ஒவ்வொரு முறையும் மாற்றாமல், ‘கார்ட்’ என்ற பெயரில் நீண்ட காலத்துக்கு அதையே வைத்திருப்பதன் காரணமும் இதுதான்: அடிக்கடி மாற்றினால் என்றாவது ஒருநாள் எதிராளியின் கணு வந்து விழுந்தே தீரும்.

செய்தியைப் பிரித்து அனுப்புதல்

ஒன்றோடொன்று சேராத தடங்கள் போதுமான அளவு இருந்தால், குலுக்கலைவிட வலிமையான ஆட்ட நகர்வு ஒன்று உண்டு. செய்தியின் நீளத்துக்குச் சமமான தற்செயல் பிட்டுகளை உருவாக்கி ஒரு தடத்திலும், செய்தியையும் அப்பிட்டுகளையும் எக்ஸ்-ஆர் செய்து (இரு பிட்டுகளும் ஒன்றானால் 0, வேறானால் 1) வந்த விடையை மற்றொரு தடத்திலும் அனுப்பினால், ஒரு தடத்தை மட்டும் கேட்பவருக்கு எதுவும் கிடைக்காது. ஆட்டத்தின் மதிப்பு பூஜ்ஜியம். எதிராளி இரண்டு தடங்களைக் கேட்க முடிந்தால் மூன்று தடங்கள் தேவை. இதன் விலை நம்பகத்தன்மை: ஒரு தடம் அறுந்தாலும் செய்தி போய்ச் சேராது. அடி ஷமீர் 1979-இல் வெளியிட்ட ரகசியப் பகிர்வு முறையைக் கொண்டு, மூன்று துண்டுகளில் எவை இரண்டு வந்தாலும் செய்தியை மீட்கலாம், ஒன்று மட்டும் சிக்கினால் எதிராளிக்கு எதுவும் புரியாது என்ற இடைநிலையை அமைக்கலாம். பாக்கெட்டுகளை (தகவலின் சிறு துண்டுகளை) மாற்றி மாற்றி இரண்டு தடங்களில் அனுப்பும் மல்டிபாத் டி.சி.பி.-யை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே ஒரு தடத்தைக் கேட்பவர் அத்தடத்தில் போன பாக்கெட்டுகளை அப்படியே பெறுகிறார்.

செயல்படுத்தும்போது

பங்குகளை எதிராளி அறிந்துகொண்டாலும் இழப்பில்லை. சமநிலையின் சிறப்பே அதுதான். மறையியலில் சாவியைத் தவிர மற்ற அனைத்தும் எதிரிக்குத் தெரிந்தாலும் முறைமை தாங்க வேண்டும் என்று ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் 1883-இல் வகுத்த நெறி இங்கும் பொருந்துகிறது: 2/3, 1/3 என்பது வெளியே தெரியலாம், இந்தச் செய்திக்கு விழுந்த குலுக்கல் மட்டும் தெரியக் கூடாது. ஆகவே குலுக்கலுக்கு மறையியல் தரமுள்ள தற்செயல் எண்களையே பயன்படுத்த வேண்டும். லினக்ஸில் இயக்கமுறைமையின் கெட்ரேண்டம் அழைப்பு போதுமானது. ரவுட்டர்களில் உள்ள சம செலவுப் பல்பாதை வசதி பார்வைக்குக் குலுக்கல்போல இருந்தாலும், முகவரிகளையும் போர்ட் எண்களையும் வைத்து ஹாஷ் செய்து (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே எண்ணைத் தரும் கணக்கு) பாதையைத் தீர்மானிக்கிறது. ஒரே உரையாடல் எப்போதும் ஒரே வழியில் போகும், ஹாஷ் முறை தெரிந்தவர் அதைக் கணிக்கவும் கூடும். அனுப்பும் முனையே பாதையைக் குறித்து அனுப்பும் செக்மென்ட் ரவுட்டிங் இவ்வேலைக்கு ஏற்றது. ஒரே டி.சி.பி. இணைப்பின் பாக்கெட்டுகளைப் பல பாதைகளில் சிதறவிட்டால் வரிசை குலைந்து வேகம் குறையும் என்பதால், குலுக்கலின் அலகு பாக்கெட்டாக அல்லாமல் டி.சி.பி. இணைப்பாக இருக்கட்டும்.

இன்னொன்றை எந்த மென்பொருளும் சொல்லாது. இரண்டு நிறுவனங்களிடம் தனித்தனியாக வாங்கிய இரண்டு ஃபைபர்கள் ஒரே சாலையோரப் பள்ளத்தில், சில வேளை ஒரே குழாயில் கிடக்கக்கூடும். வரைபடத்தில் அவை இரண்டு, ஒட்டுக்கேட்பவருக்கு ஒன்று. தடங்களின் உண்மையான நிலவழியை எழுத்தில் கேட்டு வாங்கி, சேர்ந்து ஓடும் பகுதிகளை ஒரே இணைப்பாக வரைந்த பிறகே மேற்கண்ட கணக்குகளைச் செய்ய வேண்டும்.

கம்பியில்லா இணைப்புகள்

வானலையில் எதிராளி ஒரு தடத்தைத் தேர்ந்து அமர்வதில்லை. அவருக்கும் சமிக்ஞை எட்டுகிறது, நம்மைவிடச் சற்று மங்கலாக. பெல் ஆய்வகத்தின் ஆரன் வைனர் 1975-இல் காட்டியபடி, பெறுநரின் அலைவரிசை எதிராளியினுடையதைவிடத் தெளிவாக இருந்தால், அந்த வேறுபாட்டின் அளவுக்குச் சாவியே இல்லாமல் ரகசியமாக அனுப்ப முடியும். பெறுநரிடம் சமிக்ஞை இரைச்சலைப்போல் 15 மடங்கு, எதிராளியிடம் 3 மடங்கு என்றால், மடங்குகளோடு 1-ஐக் கூட்டி 2-இன் அடுக்குகளாக எழுத 2⁴, 2² வரும்; எனவே ஒரு ஹெர்ட்ஸுக்கு வினாடிக்கு 4 − 2 = 2 பிட்டுகள். எதிராளி அருகே வந்து அவரது நிலை மேம்பட்டால் இது பூஜ்ஜியமாகிவிடும். பல ஆன்டெனாக்கள் உள்ள அனுப்புநர், தன் ஆற்றலில் ஒரு பகுதியைப் பெறுநரைத் தாக்காத திசைகளில் செயற்கை இரைச்சலாக வெளியிட்டு எதிராளியைக் குழப்பலாம். ஆனால் எதிராளி கேட்பதை விட்டுவிட்டு இடையூறு அலைகளால் நம்மை ஜாம் செய்யத் தொடங்கினால், அவ்வாறு செலவிட்ட ஆற்றல் வீண்.

எடுத்துக்காட்டாக, முழு ஆற்றலையும் செய்திக்கே கொடுத்தால் எதிராளி கேட்கும்போது ரகசிய வீதம் 1, ஜாம் செய்யும்போது 3. செயற்கை இரைச்சல் கலந்தால் முறையே 2, 1 என்று கொள்க. எந்த உத்தியை நிலையாகப் பிடித்துக்கொண்டாலும் எதிராளி நம்மை 1-க்கு இறக்கிவிடுவார். மூன்றில் ஒரு பங்கு நேரம் முழு ஆற்றல், மீதி நேரம் செயற்கை இரைச்சல் என்று குலுக்கினால், அவர் எதைச் செய்தாலும் நமக்குச் சராசரியாக 5/3 கிடைக்கும். எதிராளியைக் குழப்ப வேறொருவரின் ஜாமரை அமர்த்தும் முறைகளும் ஆய்வுகளில் உண்டு. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அனுமதியின்றி ஜாமரை இயக்குவது சட்டவிரோதம் என்பதால், பெரும்பாலான நிர்வாகிகளுக்கு அவை ஏட்டளவிலேயே நிற்கும்.

எங்கே நிறுத்துவது

இதுவரை எதிராளிக்குச் செலவே இல்லை என்று கொண்டோம். கருவி வைக்க அவருக்கு 12 லட்சம் ரூபாய் ஆகும், ரகசியத்தின் மதிப்பு அவருக்கு 60 லட்சம் என்று வைத்துப் பாருங்கள். ஆட்டத்தின் மதிப்பு 1/4 என்றால் அவர் எதிர்பார்க்கும் ஆதாயம் 15 லட்சம், துணிவார். குறுக்கு இணைப்பால் அது 1/6 ஆனதும் ஆதாயம் 10 லட்சம், செலவுக்குக் கட்டுப்படியாகாது. 1/8-ஐ எட்ட மேலும் பணம் போட வேண்டிய தேவை இல்லை. ஆனால் இந்தச் சலுகை, நம் ஒருவரையே குறிவைக்கும் போட்டி நிறுவனம் போன்ற எதிராளிக்கு மட்டுமே பொருந்தும். கடலடிக் கேபிளிலோ பெரிய இணைப்பு நிலையத்திலோ ஒருமுறை கருவி வைத்துவிட்டு, அதே செலவில் ஆயிரக்கணக்கானோரைக் கேட்கும் அரசு அமைப்புக்கு நம் பொருட்டு ஆகும் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அத்தகையவரை எதிராளியாகக் கொள்பவர்கள் எதிராளியின் செலவைப் பூஜ்ஜியமாகவே விட்டுவிட்டு, இயன்றவரை செய்தியைப் பிரித்து அனுப்பும் முறையை நாட வேண்டும்.